மாப்பிள்ளை கையில் மணந்த அத்தர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு எண்ணெய்களைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. எந்தக் குப்பி எந்தத் தட்டில் இருக்கிறது, எதை வெயிலில் வைக்கக் கூடாது, எதை எதோடு சேர்க்கலாம் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். முதலாளி என்னை எழுதச் சொன்னதும் அதற்காக இல்லை. "நீரு கோட்டை விட்ட கதை ஒண்ணு இருக்குல்லா, அதை எழுதும் வே. புதுசா வந்த பயலுவ எல்லாம் நீரு தப்பே செய்யாத ஆளுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கானுவ" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எழுதுகிறேன்.

நம் தொழிலில் எளிதில் பிடிபடாதது மனிதர்களின் தோல். ஒரே குப்பியிலிருந்து அண்ணன் கையில் ஒரு சொட்டு, தம்பி கையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் போனால் இரண்டும் வேறு வேறு கடையில் வாங்கியது போல இருக்கும். திசையன்விளையிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வருவார். எந்த அத்தரை வைத்தாலும் அவர் கையில் கடைசியாக நிற்பது கருப்பட்டிப் பாகு மணம்தான். அதில் அவருக்குப் பெருமை. "தொழிலுக்கு ஏத்த மாரி ஒடம்பே மாறிட்டு, பாத்தியளா" என்பார். திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்திய ஒருவருக்கு ரோஜா அத்தர் திருநீற்று வாசனையாகத் திரும்பும். அவரும் குறை சொல்லவில்லை. முருகன் அருள் என்று எடுத்துக்கொண்டு வருஷாவருஷம் அதையே வாங்கிப் போனார். இப்படி வாடிக்கையாளர்கள் தாங்களாகவே சமாதானமாகிப் போனதில் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்துவிட்டது. எண்ணெய் யார் மேல் எப்படித் திரும்பினாலும் அது அவரவர் பாடு, கலவை போட்டவனுக்கு அதில் பொறுப்பில்லை என்று நினைத்தேன்.

நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவன். ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்களாகவோ வக்கீல்களாகவோ இருந்தார்கள். நான் ஒருவன்தான் அத்தர் கடைக்கு வந்தேன். கடையில் எனக்கு 'எம்.எஸ்ஸி. அண்ணாச்சி' என்றே பெயர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கலவை போடுகிறவன் தன் மேல் மணம் பூசிக்கொள்ளக் கூடாது, பூசினால் மூக்கு ஏமாந்துபோகும் என்பது எங்கள் கடை முறை. அதனால் நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டுக்கொண்டதில்லை. காகிதத் துண்டிலும் அடுத்தவர் மணிக்கட்டிலும் முகர்ந்தே காலம் ஓடிவிட்டது.

இன்னொரு முறையும் இருந்தது. பெண்களுக்கான அத்தரை ஆண்கள்தான் வந்து வாங்குவார்கள். முன்பின் தெரியாத ஆணிடம் ஒரு பெண் கையை நீட்ட மாட்டாள். நானும் நீட்டச் சொல்ல மாட்டேன். ஆகவே வாப்பாவோ அண்ணனோ மாப்பிள்ளையோ தன் ரோமம் அடர்ந்த கையை நீட்டுவார். நாங்கள் ஒரு சொட்டு வைப்போம். அவர் முகர்ந்து தலையாட்டுவார். வீட்டில் அவள் போட்டுக்கொள்வாள். அண்ணனுக்கு அளவெடுத்துத் தங்கைக்குச் சட்டை தைப்பது மாதிரியான வேலை. வருஷக்கணக்காக அப்படித்தான் செய்தோம், யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் மேலப்பாளையத்துப் பையன் செய்யது கடைக்கு வந்தான். தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். பேட்டையில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகும் தட்டில் சேலை, சோப்பு, பவுடரோடு அத்தரும் வைக்க வேண்டும்.

"அண்ணாச்சி, அடைச்சி வச்சிருக்கதுல ஒண்ணும் வேண்டாம். ஊர்ல வேற எவ மேலயும் வராத வாசமா, எம் பொண்டாட்டிக்குன்னே ஒண்ணு போட்டுத் தாங்க" என்றான்.

"பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?"

"நான் இன்னும் பேசவே இல்லையே. போட்டோல மல்லியப்பூ வச்சிருந்தா."

அந்தப் போட்டோவை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொண்டு நான் வேலையில் இறங்கினேன். சந்தனம் அடியில், மல்லிகை தாராளமாக, மேலே துளி அம்பர். அவன் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வரும்போது கூட்டாளிகள் இரண்டு பேரும் அவன் கையை விடாமல் வந்தார்கள்.

"லே, கைய இங்கன கொண்டா."

"இருலே, நான் இன்னும் சரியா மோக்கல."

"அண்ணாச்சி, டீ குடிக்க முடியல. கிளாஸத் தூக்கினா டீயே மல்லியப்பூவா இருக்கு" என்றான் செய்யது. அவன் கையில் அது அவ்வளவு அருமையாக இருந்தது உண்மைதான். ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஜுலைகா' என்று பெண் பெயரை எழுதி, தானே குப்பியில் ஒட்டிக்கொண்டு போனான்.

ஒன்று எனக்குத் தெரியும். மல்லிகையில் ஒரு பொருள் இருக்கிறது. அது அளவோடு இருக்கும்வரை பூ மணம். சிலர் தோலில் மற்றதெல்லாம் பறந்துபோய் அது மட்டும் நின்றுவிடும். அப்போது வருவது பீரோவில் போடும் அந்துருண்டையின் வாடை. இதை நான் கல்லூரியிலேயே படித்தவன். "பொண்ணு ஒருநா போட்டுப் பாக்கட்டும், அப்புறம் வாங்கிக்கோ" என்று சொல்லியிருக்கலாம். பையன் சந்தோஷமாக இருந்தான், கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் முடிந்து பிரியாணியும் சாப்பிட்டோம். கொஞ்ச நாள் கழித்துச் செய்யது தனியாக வந்தான். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றான். நம் கடையில் கூட்டம் என்றைக்குக் குறைந்தது? கடைசியில் என் காதருகே வந்தான்.

"அண்ணாச்சி, வீட்டுல பீரோ வாடை அடிக்கி."

"உள்ள அந்துருண்டை போட்டிருப்பாங்க."

"பீரோ இல்ல அண்ணாச்சி. அவ."

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. புருஷன் தனக்கென்று செய்து தந்ததாயிற்றே என்று அவள் தினமும் ஆசையாகப் போட்டுக்கொண்டாள். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்துருண்டை ஆகாது. தும்மலை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான். மணம் போதவில்லை போல என்று மறுநாள் அவள் இன்னொரு சொட்டு கூட்டினாள். இவன் கட்டிலின் ஓரத்துக்குப் போனான். அவள் காதுக்குப் பின்னாலும் முழங்கையிலும் தொட்டுக்கொண்டாள். தினமும் போடுகிறவர்களுக்குத் தங்கள் மணம் தெரியாமல் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

"நேத்து கட்டில்ல இருந்து கீழ விழுந்துட்டேன் அண்ணாச்சி" என்றான்.

"சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்ல? வாங்கிக் குடுத்தது நான். குப்பியில இருக்கது அவ பேரு." பிறகு கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டான்: "கலவையில எதுவும் கூடிப்போச்சா அண்ணாச்சி?"

காயல்பட்டினத்திலிருந்து வந்த மொத்த வியாபாரி ஒருவர் அப்போது சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்கினார். முதலாளியும் திரும்பினார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கலவையில ஒரு குறையும் கிடையாது. ஒங் கையில நல்லாத்தான மணந்தது? அந்தப் புள்ள ஒடம்புலதான் என்னமோ கோளாறு இருக்கும். டாக்டர்ட்ட காட்டு."

இதைச் சொல்ல எனக்குக் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. வியாபாரி திரும்பச் சரக்கைப் பார்க்க ஆரம்பித்தார். கடை பெயர் பிழைத்தது. நான் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டேன்.

அதன் பிறகு நடந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். செய்யது தன் உம்மாவிடம், "எம்.எஸ்ஸி. அண்ணாச்சியே சொல்லிட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். உம்மா அன்றே வைத்தியத்தில் இறங்கிவிட்டார். மருமகளுக்குப் பூண்டு கிடையாது, கருவாடு கிடையாது, கறி கிடையாது. காலையில் வேப்பிலைத் தண்ணீர், சாயங்காலம் வெந்தய அரைப்பு. எல்லாம் முடிந்த பிறகு, இதாவது மணக்கட்டும் என்று என் அத்தரையே மேலே தடவி அனுப்பினார்கள். வாடை எப்படிப் போகும்? பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றிருக்கிறார். இவர்கள் எழுந்திருக்கவில்லை. எழுந்து போகட்டும் என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு வந்ததும் கோளாறு உறுதியாகிவிட்டது.

ஜுலைகா பி.காம். படித்தவள். இதெல்லாம் புதுப்பெண்ணுக்குச் செய்கிற சீராட்டு என்றே முதலில் நினைத்தாளாம், கருவாடு கேட்டுக் கிடைக்காத வரைக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தால் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "மருந்து கேக்குதா?" என்று அன்பாகக் கேட்டாள். "எதுக்கு மருந்து?" என்றாள் இவள். பதில் தெரிந்த அன்றே பேட்டைக்குப் போய்விட்டாள். கோளாறு என்று சொன்ன வாயால் இல்லை என்று சொன்னால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று அவள் உம்மா சொல்லிவிட்டார். குறையை மறைத்துத் தள்ளிவிட்டார்கள் என்று மாப்பிள்ளையின் உம்மா பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜமாத்தில் பேசுவது என்று முடிவானது. செய்யதுக்கு லீவு முடிகிற நேரம். விஷயம் ஜமாத் வரை போய்விட்டால், தட்டில் வைத்ததை யார் யாருக்குத் திருப்பித் தருவது என்பதில்தான் பேச்சு முடியும் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். ஒரு அம்மா குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். "இங்க எம்.எஸ்ஸி. யாரு?"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நான் கையைத் தூக்கினேன். அவருக்குப் பின்னால் புர்காவில் ஒரு பெண் நின்றாள்.

"எம் புள்ளைக்கிக் கோளாறுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சியளாமே. நாடி பாத்தியளா, நாக்கு பாத்தியளா?"

"அது வந்தும்மா, தோலோட அமிலத்தன்மை ஆளுக்கு ஆள்..."

"ஆசிட்டா? எம் புள்ள ஒடம்புல ஆசிட் ஓடுதுங்கியளா?"

கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். காயல்பட்டினத்து வியாபாரி அன்றைக்கும் இருந்தார், என் நேரம். முதலாளி எழுந்து வந்து, "உம்மா, உக்காருங்க. வேற குப்பி தாரோம், நல்லதா" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். "குப்பி வேண்டாம். இவங்க சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கச் சொல்லுங்க." என்னைப் பார்த்து, "இதை ஒங்க கையில போட்டுப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

"நான் போடுறது இல்லம்மா. தொழில் முறை."

"இப்பம் போடுங்க. எவ்வளவு நேரம் ஆவும்?"

"அரை மணி நேரம்."

"இருக்கோம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் உம்மாவும் தன் கையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி டீ வரவழைத்தார். வாங்கி முடித்தவர்களும் போகவில்லை.

முதலில் மல்லிகைதான் வந்தது. நல்ல மல்லிகை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. என் கையில் இது மணந்தால் கோளாறு அந்தப் பெண்ணுடையது என்றாகிவிடும், அவள் வாழ்க்கை அதோடு போய்விடும். அது தெரிந்தும், மணக்க வேண்டும் என்றே மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மணக்கவில்லை. நனைந்த குடையை மடக்கி வைத்து நாலு நாள் கழித்து விரித்தால் வருமே, அது மெல்ல எழுந்தது. அதன் மேல் அந்துருண்டை ஏறியது. காயல்பட்டினத்து வியாபாரி குனிந்து முகர்ந்தார். "சுபஹானல்லாஹ்" என்று நிமிர்ந்தவர், "அண்ணாச்சி, செத்த அங்கன தள்ளி நில்லுங்க" என்றார்.

அந்த அம்மாவின் கையிலோ அது பூவாக விரிந்து கடையையே நிறைத்தது. சண்டைக்கு வந்த இடத்தில் இப்படி மணக்கிறதே என்று அவருக்குச் சங்கடம். முந்தானையைச் சரி செய்வது போலச் செய்து கையை மூக்கருகே கொண்டு போனார்.

"உம்மா, மோந்தது போதும்" என்றாள் ஜுலைகா.

நான் என்ன சொல்வது என்று முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பணத்தைத் திருப்பித் தரலாம், தோலைப் பற்றி ஒரு பாடம் நடத்தலாம், இரண்டுக்கும் வழி இருந்தது. என் கை அப்படி நாறிக்கொண்டிருக்கும்போது பாடம் நடத்த வாய் வரவில்லை.

"ஒங்க ஒடம்புல ஒரு கோளாறும் கிடையாதும்மா. யார் மேல எப்படி மாறும்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். அது தெரிஞ்சும் நான் மாப்பிள்ளைட்ட சொல்லல. அப்புறம் கடைப் பேர் கெட்டுறக் கூடாதுன்னு ஒங்க மேல பழியத் தூக்கிப் போட்டேன்."

"இங்க சொன்னா எனக்கு என்ன?" என்றாள் அவள். "இங்க என்னைப் பத்தி யாரும் பேசல. பேசுத எடத்துல வந்து சொல்லுங்க. கையக் கழுவிராதிய."

ஆட்டோவில் மேலப்பாளையம் போனோம். செய்யது வீட்டின் முன்பக்கம் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் உம்மா வாசலுக்கு வந்தார். நான் பேசுவதற்கு முன்னால் கையை நீட்டினேன். அவர் முகர்ந்துவிட்டு முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லாஹ், இது ஆம்பளை மேலயும் வருமா?"

நான் கடையில் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவர் மருமகளைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கி ஒரு துண்டு கருவாடு குடுக்கலையே நான்" என்றார்.

ஜுலைகா புருஷனைப் பார்த்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆசையாப் போட்ட."

"நீங்க திரும்பிப் படுத்திய. வாசம் பத்தலையோன்னு கூடக் கொஞ்சம் போட்டேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? தலைவலிக்கும். நீங்க வாங்கிக் குடுத்ததேன்னு போட்டேன்."

செய்யது கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். எனக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அவள் விடவில்லை.

"மாமி, எந்தெந்த வீட்டுல சொன்னிய?"

மாமி விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் கையை மடக்கிக்கொண்டார். "எல்லா வீட்டுலயுந்தான்" என்றார்.

அன்று அந்தத் தெருவில் மாமி முன்னால் போக, நான் கையை நீட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவர், "எம் மருமவளுக்கு ஒண்ணும் இல்ல, அத்தரு கோளாறு, இந்தா இவர மோந்து பாருங்க" என்பார். திரைக்குப் பின்னாலிருந்து மூக்குகள் வந்து, உடனே உள்ளே போகும். நான் என் வாக்கியத்தைச் சொல்வேன். தெருக்கோடி வீட்டில் ஒரு அம்மா மட்டும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு. குப்பி என்ன வெல?" என்றார்.

தூரத்தில் நின்ற ஜுலைகா அப்போதுதான் சிரித்தாள். பிறகு வீட்டுப் படியில் நின்று செய்யதிடம், "மணந்தாலும் நாறினாலும் இனிமே எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும். கடைக்காரங்ககிட்ட இல்ல" என்றாள். அவன் சரி என்றான். அவள் உள்ளே போனாள். அந்தக் குப்பியை அவனே தம்மாமுக்கு எடுத்துப்போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த வாரமே கடையில் முறையை மாற்றினோம். யாருக்கு அத்தரோ அவர் வீட்டுக்குச் சின்னக் குப்பியில் கொடுத்தனுப்புகிறோம், ஒரு நாள் முழுக்க அவரே போட்டுப் பார்த்த பிறகுதான் விற்கிறோம். நீங்கள் அதைச் சலித்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் கொடுங்கள்.

அன்று திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினேன். தெருக்குழாயில் கையைத் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்கைச் சுருக்கினார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்து, "அடுத்த ஸ்டாப்ல எறங்கணும்" என்று எழுந்துவிட்டார். அடுத்த நிறுத்தம் வந்தது, போனது. அவர் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், எழுந்து போனாள். அவ்வளவு கூட்டத்திலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. கண்டக்டர் எட்ட நின்று கையை நீட்டி டிக்கெட் தந்தார். கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றுக் காற்று ஜன்னல் வழியாக வந்து என்னைத் தடவிக்கொண்டு பின்னால் போயிற்று. பின்வரிசை முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் நல்ல மனிதர்கள்.

எனக்காவது காரணம் தெரிந்திருந்தது. சந்திப்பு நிறுத்தம் வந்தால் இறங்கிவிடலாம் என்பதும் தெரிந்திருந்தது.

சந்திப்பில் இறங்கித் திரும்பினேன். காய்கறிப் பைக்காரர் எனக்குப் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், அவசரமாகப் பைக்குள் கையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தார்.